இலவச வை-பை: இணைப்பின் தொழிற்பாடும் பாதுகாப்பின் சமூக அடிப்படையும்

தொழினுட்பச் சாதனங்கள் பற்றி நம்மிடையே இருவகை எழுத்துக்களே பெரும்பாலும் காணப்படுகின்றன. ஒன்று, எதனை அழுத்துவது, எதனைத் தெரிவுசெய்வது எனக் கூறியமையும் கைந்நூல் வகை. மற்றையது, தொழினுட்பத்தை ஆளும் வர்க்கத்தின் கருவியென ஒட்டுமொத்தமாகக் கண்டித்தொதுக்கும் வகை. முன்னையது சாதனத்தை அதன் சமூக உறவுகளிலிருந்து பிரித்து நோக்குகின்றது. பின்னையது சமூக உறவுகளைப் பேசுகின்றது. ஆயின் சாதனம் இயங்கும் முறையினை அறிய முயல்வதில்லை. ஒரு பொருளின் இயக்கத்தையும் அதன் உடைமை உறவுகளையும் ஒருசேர நோக்குவதே பொருள்முதல்வாத ஆய்வுமுறையாகும். பொது இடங்களிற் கட்டணமின்றிக் கிடைக்கும் வை-பை இணைப்பில் மடிக்கணினியொன்றைப் பாதுகாப்பாக இணைப்பது எங்ஙனம் என்னும் வினாவை இம்முறையில் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா வெறும் நுகர்வோர் ஆலோசனைக்குரியதன்றோ என எவரேனும் ஐயுறலாம். ஆய்வாளர் ஒருவரின் மடிக்கணினியில் இருப்பவை அவருடைய சொந்த உடைமைகள் மாத்திரமல்ல. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் நம்பிக்கையுடன் கூறியவை, தோட்டத் தொழிலாளர் தம் பெயர் வெளிவராது என்னும் உறுதியின்பேரிற் பகிர்ந்தவை, மாணவரது மதிப்பீடுகள், தொழிற்சங்கக் கடிதங்கள் ஆகியனவும் அதனுள் அடங்கும். அவற்றை இழப்பவர் கணினிக்கு உரியவர். அதன் விளைவை அனுபவிப்பவர் பிறர். எனவே இங்குப் பாதுகாப்பு என்பது தனிமனித முன்னெச்சரிக்கையாக மட்டுமன்றி, ஆய்வறத்தின் பாற்பட்டதாகவும் அமைகின்றது.

1. வானலையின் இயல்பு

வை-பை என்பது அடிப்படையில் வானொலியே. 1985 இல் ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு சில அலைவரிசைகளை உரிமம் பெறாமலே பயன்படுத்த அனுமதித்தமை இதன் சட்டப் பின்னணியாகும். 1997 இல் 802.11 என்னும் பொது நியமம் வகுக்கப்பட்டது. 'வை-பை' என்ற வணிகப் பெயர் 1999 இல் வழக்கிற்கு வந்தது. 2.4 கிகாஹேட்ஸ், 5 கிகாஹேட்ஸ் ஆகிய அலைவரிசைகளே இதிற் பரவலாகப் பயன்படுகின்றன.

வானொலியின் இயல்பு யாதெனின், அனுப்பப்படும் சமிக்ஞை எல்லைக்குள் இருக்கும் யாவரையும் சென்றடைகின்றது என்பதாகும். கம்பிவழித் தொடர்பில் ஒற்றுக்கேட்க விரும்புபவர் கம்பியைத் தேடிச் செல்லவேண்டும். வானலையில் அவர் அருகே அமர்ந்திருந்தாலே போதும். எனவே இத்தொடர்பின் அந்தரங்கம் முற்றிலும் மறைகுறியாக்கத்திலேயே, அதாவது செய்தியை உரியவரன்றிப் பிறர் வாசிக்கவியலாத உருவுக்கு மாற்றும் முறையிலேயே, தங்கியுள்ளது.

இவ்வகையிற் பொது இடத்து வலையமைப்புக்கள் மூன்று வகைப்படும். முதலாவது, கடவுச்சொல் எதுவுமின்றித் திறந்து விடப்பட்டது. இதில் வானலைமட்டத்தில் மறைகுறியாக்கம் அறவே இல்லை. இரண்டாவது, சுவரில் எழுதி ஒட்டப்பட்ட ஒரே கடவுச்சொல்லை யாவரும் பயன்படுத்துவது. இது பாதுகாப்பானது எனப் பலரும் கருதுவர். ஆயின் 2004 இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 2 என்னும் முறையின்கீழ், அக்கடவுச்சொல்லை அறிந்த ஒருவர், மற்றொருவரின் கணினி இணையும் கணத்திற் பரிமாறப்படும் தொடக்கச் சமிக்ஞைகளையும் பற்றிக்கொள்வாராயின், அவரது தொடர்பை வானலைமட்டத்தில் வாசித்துவிடலாம். யாவருக்கும் தெரிந்த பூட்டுத்திறப்பு எவருக்கும் காவலாகாது. 2018 இல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ. 3 இக்குறையை நீக்குகின்றது. மூன்றாவது, ஒவ்வொரு பயனாளருக்கும் தனித்தனி அடையாளம் வழங்குவது. பல்கலைக்கழகங்களின் 'எடுரோம்' இவ்வகையினது. அதனைப் பின்னர் நோக்குவோம்.

2. 2010 இன் அதிர்ச்சியும் அதன் பின்விளைவும்

வானலையிற் காவல் இல்லாதபோதும், கணினிக்கும் இணையத்தளத்திற்கும் இடையிலான செய்தியை அதன் முழுவழியிலும் மறைகுறியாக்கலாம். உலாவியின் முகவரியில் 'எச்ரிரிபிஎஸ்' எனத் தோன்றுவது இதனையே குறிக்கின்றது. செய்தியைப் பிறர் வாசியாது தடுத்தல், வழியில் எவரும் திருத்தாது காத்தல், மறுமுனையில் இருப்பது குறிப்பிட்ட முகவரிக்குரிய தளமே என உறுதிப்படுத்தல் ஆகிய மூன்று தொழில்களை அது ஆற்றுகின்றது. திறந்த அஞ்சலட்டைக்கும் ஒட்டி முத்திரையிட்ட கடிதத்திற்கும் உள்ள வேறுபாட்டை இதற்கு ஒப்பிடலாம்.

ஆயின் 2010 வரையிற் பெரும் நிறுவனங்கள் பல, கடவுச்சொல்லைப் பெறும் பக்கத்தை மட்டும் இவ்வாறு காத்துவிட்டு, ஏனையவற்றைத் திறந்தே அனுப்பின. உள்நுழைந்தவருக்கு வழங்கப்படும் அடையாளச் சீட்டான 'குக்கி' ஒவ்வொரு பக்கத்துடனும் வானலையில் வெளிப்படையாகச் சென்றது. அச்சீட்டைப் பற்றிக்கொண்டவர் கடவுச்சொல் இன்றியே உரியவரின் கணக்கில் நுழையக்கூடியவராயிருந்தார். இக்குறை வல்லுநர்க்கு ஏலவே தெரிந்திருந்தது. 2010 ஒக்ரோபரில் எரிக் பட்லர் என்னும் மென்பொருளாளர் 'பயர்ஷீப்' என்னும் சிறு நிரலை வெளியிட்டபோது அது பொதுமக்களுக்கும் புலனாயிற்று. அதனை நிறுவிய எவரும், அருகே அமர்ந்திருப்போரின் பேஸ்புக், ருவிற்றர் கணக்குகளுள் ஒரே அழுத்தலில் நுழைய முடிந்தது. நிறுவனங்களின் அசட்டையை அம்பலப்படுத்துவதே அவரது நோக்கமாயிருந்தது. ஜிமெயில் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே முழுமையான மறைகுறியாக்கத்துக்கு மாறியிருந்தது. பேஸ்புக் யாவர்க்கும் அதனை இயல்புநிலையாக்க 2013 வரை சென்றது.

சிறிய தளங்களுக்கு வேறொரு தடை இருந்தது. மறைகுறியாக்கத்துக்குத் தேவையான சான்றிதழ் ஒரு விற்பனைப் பண்டமாக இருந்தது. ஆண்டுதோறும் பணங்கொடுத்து அதனை வாங்கவேண்டும். பாதுகாப்பு விலைக்கு விற்கப்பட்டமையாற் பாதுகாப்பின்மை வறிய தளங்களுக்கு உரியதாயிற்று. 2015 இல் இலாபநோக்கற்ற அமைப்பொன்றினால் தொடங்கப்பட்ட 'லெற்ஸ் என்கிரிப்ற்' இச்சான்றிதழ்களைக் கட்டணமின்றியும் தன்னியக்கமாகவும் வழங்கலாயிற்று. இன்று நாம் செல்லும் தளங்களுட் பெரும்பாலானவை முழுமையாக மறைகுறியாக்கப்பட்டிருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

தேநீர்ச்சாலையில் அருகிருப்பவர் நமது செய்திகளை எளிதில் வாசிக்கவியலாத நிலை இன்று உருவாகியுள்ளதெனின், அது தனித்தனிப் பயனாளர் பெற்ற விழிப்பினால் மட்டும் நிகழ்ந்ததன்று. அடிக்கட்டுமானமே மாற்றப்பட்டமையின் பெறுபேறு அது. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, பொது வை-பை இப்போது வழக்கமாகப் பாதுகாப்பானதே என மக்களுக்குக் கூறுவதன் பின்னணியும் இதுவே.

3. எஞ்சியிருக்கும் ஆபத்துக்கள்

ஆயின் ஆபத்து நீங்கிவிட்டது எனக் கொள்வது தவறு. அது இடம்பெயர்ந்துள்ளது என்பதே பொருத்தமாகும்.

முதலாவது, போலி வலையமைப்பு. வை-பையின் பெயரை எவரும் தாம் விரும்பியவாறு இடலாம். விமான நிலையத்தின் பெயரையே தன் சிறு கருவிக்கு இட்டு ஒருவர் ஒலிபரப்புவாராயின், அப்பெயரை முன்னரே நினைவிற் கொண்ட நமது கணினி தானாகவே அதனுடன் இணையக்கூடும். 2024 இல் அவுஸ்திரேலியாவில், பேர்த், மெல்பேண், அடிலெயிட் விமான நிலையங்களிலும் உள்நாட்டு விமானங்களிலும் இத்தகைய போலி வலையமைப்புக்களை இயக்கியதாக ஒருவர்மீது கூட்டாட்சிப் பொலிசார் குற்றஞ்சாட்டினர். இணைந்தோர்க்குப் போலி நுழைவுப்பக்கம் காட்டப்பட்டு, அவர்தம் மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கடவுச்சொற்கள் கேட்கப்பட்டமையே வழக்கின் சாரம். இங்கு மறைகுறியாக்கம் உடைக்கப்படவில்லை என்பது மனங்கொளத்தக்கது. உரியவரே தம் கடவுச்சொல்லைக் கையளிக்கும்படி செய்யப்பட்டார்.

இரண்டாவது, வலையமைப்பின் உடைமையாளர். எச்ரிரிபிஎஸ் செய்தியின் உள்ளடக்கத்தை மறைக்கின்றதேயன்றி, தொடர்பு நிகழ்ந்தமையை மறைப்பதில்லை. எக்கருவி, எப்போது, எத்தளத்துடன், எவ்வளவு தரவைப் பரிமாறிற்று என்பனவற்றை வலையமைப்பை நடத்துபவர் பெரும்பாலும் அறியலாம். கடிதத்தைத் திறவாவிடினும் அஞ்சலதிபர் உறையை வாசிப்பது போன்றது இது. எட்வேட் ஸ்நோடன் வெளிக்கொணர்ந்த ஆவணமொன்றை ஆதாரமாகக் கொண்டு கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 2014 ஜனவரியில் வெளியிட்ட செய்தி இதற்கு உதாரணமாகும். கனடாவின் பெரிய விமான நிலையமொன்றின் இலவச வை-பையிலிருந்து பெற்ற தகவல்களைக் கொண்டு, அந்நாட்டின் சமிக்ஞைப் புலனாய்வு நிறுவனம் பயணிகளின் கருவிகளை அதன்பின் பல நாட்கள் பின்தொடர்ந்திருந்தது. லண்டன் போக்குவரத்து நிறுவனம் 2016 இன் இறுதியில் நான்கு வாரங்கள் 54 சுரங்கப் புகையிரத நிலையங்களில் நடத்திய பரீட்சார்த்தத்தில், 5.6 மில்லியன் கருவிகளிலிருந்து 509 மில்லியன் தரவுக்கூறுகளைத் திரட்டியது. நெரிசலை ஆராய்வது அதன் நோக்கம். அந்நிறுவனம் அதனைப் பகிரங்கமாகவும் அறிவித்தது. எனினும் சட்டைப்பையிற் கிடக்கும் கருவி தன் இருப்பைத் தானே அறிவித்துச் செல்கின்றது என்னும் உண்மையை இது தெளிவாக்குகின்றது.

மூன்றாவது, இலவசம் என்பதன் மறைவிலையாகும். கட்டணம் இல்லாமை பரிவர்த்தனை இல்லாமையன்று. 2017 டிசம்பரில் புவனொஸ் அயர்ஸ் நகரின் ஸ்ரார்பக்ஸ் கடையொன்றில் வை-பையில் இணைந்தோரின் கணினிகள், அவர்தம் அறிவின்றியே, மறைகுறி நாணயத்தை உருவாக்கும் கணிப்பு வேலையில் ஈடுபடுத்தப்பட்டமை அம்பலமாயிற்று. அது இணைய வழங்குநரின் செயலென அந்நிறுவனம் விளக்கியது. வாடிக்கையாளரின் இயந்திரமும் மின்சாரமும் பிறரது இலாபத்துக்கு உழைத்தன. அதே ஆண்டில், பேர்பிள் என்னும் பிரித்தானிய வை-பை நிறுவனம் தனது நிபந்தனைகளுள் ஆயிரம் மணிநேரச் சமூகப் பணி என ஒரு வாசகத்தை வேண்டுமென்றே செருகியது. இரண்டு வாரங்களில் 22,000 பேர் அதற்கு உடன்பட்டனர். நிபந்தனைகளை எவரும் வாசிப்பதில்லை எனக் காட்டவே அந்நிறுவனம் அவ்வாறு செய்தது. வேறு வழியில்லாதவர் அழுத்தும் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்னும் பொத்தான், சட்டத்தின் முன் சுதந்திரமான ஒப்பந்தமாகின்றது. தொழிலாளியும் முதலாளியும் சந்தையிற் சமமாக நின்று ஒப்பந்தஞ் செய்வதாகக் கூறப்படும் அதே வடிவ சமத்துவமே இங்கும் தொழிற்படுகின்றது.

4. பண்டமாகும் அச்சம்

இந்நிலையில் 'வி.பி.என்.' எனப்படும் மெய்நிகர்த் தனியார் வலையமைப்பு பெரும் விளம்பரத்துடன் விற்கப்படுகின்றது. கணினியிலிருந்து புறப்படும் யாவற்றையும் மறைகுறியாக்கி அது வேறோரிடத்துச் சேவையகத்தின் வழியே செலுத்துகின்றது. அருகிருப்பவரும் கடை உடைமையாளரும் நாம் செல்லும் தளங்களை அறியாது தடுக்க இது உதவும் என்பது உண்மையே. இலங்கையில் 2018, 2019 ஆம் ஆண்டுகளிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டபோது மக்கள் அத்தடையைக் கடந்ததும் இதன் துணைகொண்டே.

ஆயின் அது நம்பிக்கை வைக்கும் இடத்தை மாற்றுகின்றதேயன்றி, நம்பவேண்டிய தேவையை நீக்குவதில்லை. முன்னர் கடைக்காரர் கண்டவற்றை இப்போது வி.பி.என். நிறுவனம் காண்கின்றது. பேஸ்புக் 2013 இல் வாங்கிய ஓனாவோ இதற்குத் தக்க சான்றாகும். பயனாளரின் தரவைக் காப்பது எனக் கூறி வழங்கப்பட்ட இவ்விலவச வி.பி.என்., மக்கள் எச்செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகின்றனர் என்பதைத் தன் உடைமையாளருக்குத் திரட்டிக் கொடுத்தது. 2018 இல் அப்பிள் நிறுவனத்தின் கடையிலிருந்து அது அகற்றப்பட்டது. 2019 இல் மூடப்பட்டது. 2023 இல் அவுஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் இதன்பொருட்டு 20 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. எனவே இலவச வி.பி.என். ஒன்றை நாடுவது ஓர் இலவசத்திலிருந்து தப்ப மற்றோர் இலவசத்துட் புகுவதாகும். தனது பல்கலைக்கழகம் நடத்தும் வி.பி.என். இருப்பின் அதனைப் பயன்படுத்துவதே விரும்பத்தக்கது.

5. நடைமுறை

மேற்கூறிய விளக்கத்திலிருந்து செய்யவேண்டியவை இயல்பாகவே பெறப்படும்.

இணையுமுன்: இயங்குதளத்தையும் உலாவியையும் வீட்டிலேயே இற்றைப்படுத்தல் வேண்டும். பொது இடத்தில் இணைந்தவுடன் தோன்றும் 'இற்றைப்படுத்துக' என்னும் அழைப்பை ஏற்கலாகாது. வன்தட்டை முழுமையாக மறைகுறியாக்கி வைத்தல் அவசியம். கணினியே களவு போவது, வானலை ஒற்றுக்கேட்பினும் நிகழத்தக்கது. முக்கிய கணக்குகளுக்கு இருபடிச் சரிபார்ப்பை ஏற்படுத்தின், கடவுச்சொல் ஒன்று மட்டும் பறிபோவதாற் கணக்கு எளிதிற் பறிபோகாது. உலாவியில் எச்ரிரிபிஎஸ் தளங்களை மட்டுமே திறக்கும் தெரிவை இயக்கிவைக்கலாம்.

இணையும்போது: வலையமைப்பின் சரியான பெயரை அங்குப் பணிபுரிபவரிடம் கேட்டறிதல் வேண்டும். விண்டோஸ் கணினியில் அதனைப் 'பொது' வலையமைப்பாகக் குறித்தால், கோப்புப் பகிர்வு நிறுத்தப்பட்டு ஏனைய கருவிகளுக்கு நமது கணினி புலப்படாதிருக்கும். தீச்சுவர் இயங்கவேண்டும். கருவியின் நிலையான வன்பொருள் முகவரிக்குப் பதிலாக எழுமாறான முகவரியைப் பயன்படுத்தும் வசதி இருப்பின், அது தொடர்ச்சியான பின்தொடர்தலைக் கடினமாக்கும். நுழைவுப்பக்கம் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையோ பேஸ்புக் கடவுச்சொல்லையோ கேட்குமாயின் இணைப்பைக் கைவிடுவதே தகும்.

இணைந்தபின்: சான்றிதழ் பிழையெனக் கூறும் எச்சரிக்கையை எக்காரணங்கொண்டும் கடந்து செல்லலாகாது. இடையில் எவரோ நிற்பதை அறிவிக்கக்கூடிய அடையாளம் அதுவே. அதேவேளை, மறைகுறியாக்கம் உண்டு என்பது தளம் நேர்மையானது என்பதற்குச் சான்றாகாது. மோசடித் தளங்களும் இன்று சான்றிதழ் பெறுகின்றன. பூட்டுக் குறி இவ்வாறு தவறாகப் பொருள்கொள்ளப்படுவதைக் காரணங்காட்டியே கூகிள் 2023 இல் அதனைத் தனது குரோம் உலாவியிலிருந்து நீக்கியது. முகவரியை எழுத்தெழுத்தாக வாசித்தல் வேண்டும். நேர்காணற் பதிவுகளை அனுப்புதல் போன்ற பணிகளுக்கு, கைத்தொலைபேசியின் தரவிணைப்பைக் கணினியுடன் பகிர்ந்துகொள்வது கூடிய பாதுகாப்புடையது. பணி முடிந்ததும் அவ்வலையமைப்பைக் கணினி மறந்துவிடுமாறு செய்தல் வேண்டும். தானியங்கி இணைப்பையும் நிறுத்துதல் வேண்டும்.

எடுரோம் பற்றித் தனியே கூறவேண்டும். இலங்கையில் லேர்ன் எனப்படும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் வாயிலாக இது வழங்கப்படுகின்றது. ஒருவர் பிற பல்கலைக்கழகத்துக்குச் செல்லினும், அவரது கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது அவரது சொந்த நிறுவனமே. முறையாக அமைத்தால், இடைநிற்கும் நிறுவனம் அக்கடவுச்சொல்லைக் காண்பதில்லை. ஆயின் கணினி தன் நிறுவனச் சேவையகத்தின் சான்றிதழைச் சரிபார்க்குமாறு அமைக்கப்பட்டிருத்தல் வேண்டும். அதனைத் தவிர்த்து அவசரமாக இணைப்பவர், 'எடுரோம்' எனப் பெயரிட்ட போலிக் கருவியொன்றுக்குத் தம் பல்கலைக்கழகக் கணக்கையே கையளிக்க நேரிடலாம். நிறுவனம் தரும் அமைவு நிரலைக் கொண்டே இதனை நிறுவுதல் நன்று.

6. கூட்டுப் பொறுப்பு

மேற்கூறியவற்றைச் செய்வதற்கு நேரமும் அறிவும் ஓரளவு பொருள்வளமும் தேவை. கைத்தொலைபேசித் தரவுக்குப் பணஞ் செலுத்தக்கூடியவர் இலவச வை-பையைத் தவிர்த்துவிடலாம். அதனையே நம்பியிருக்கும் மாணவர்க்கு 'பொது வை-பையைப் பயன்படுத்தாதீர்' என்னும் அறிவுரை, பட்டினி கிடப்பவரிடம் கடைச்சோறு உடலுக்கு ஆகாது எனக் கூறுவதையே ஒக்கும். ஆபத்தும் வர்க்க வழியே பங்கிடப்படுகின்றது.

தனியார் மூலதனத்தின் கொடையாக வரும் இணைப்பு நிலைத்திருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. இந்தியப் புகையிரத நிலையங்களில் கூகிள் 2016 இல் தொடங்கி 400 இற்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு விரிவுபடுத்திய இலவச வை-பையிலிருந்து, கைத்தொலைபேசித் தரவு மலிந்ததைச் சுட்டி, அந்நிறுவனம் 2020 இல் விலகிக்கொள்வதாக அறிவித்தது. இதற்கு மாறாக, அதே 2020 இல் பெருந்தொற்றின்போது இலங்கைப் பல்கலைக்கழக மாணவர் கட்டணமின்றி இணையவழி விரிவுரைகளிற் பங்குபற்ற லேர்ன் வழிவகுத்தமை, பொதுநிறுவனத்தாற் செய்யக்கூடியது யாது என்பதைக் காட்டிற்று.

ஆகவே நமது கோரிக்கைகளும் அடிக்கட்டுமானத்தை நோக்கியனவாதல் வேண்டும். பல்கலைக்கழகங்களும் பொதுநூலகங்களும் தம் வை-பையை டபிள்யூ.பி.ஏ. 3 இற்கு உயர்த்துதல், நுழைவுப்பக்கத்தில் தேவையற்ற விபரங்களைக் கேளாதிருத்தல், எத்தகவல் எத்துணைக் காலம் சேமிக்கப்படுகின்றது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் பகிரங்கப்படுத்தல், அதன்பின் அதனை அழித்தல் ஆகியன மாணவர் அவைகளும் ஆசிரியர் சங்கங்களும் வலியுறுத்தத்தக்கவை. இலங்கையின் ஆளுக்குரிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் நிறைவேற்றப்பட்டது. சட்டம் தானாக இயங்குவதில்லை; அதனை இயக்குவோர் வேண்டும்.

2010 இல் திறந்து கிடந்த இணையத்தைப் பெருமளவிற்கு மூடியது, சான்றிதழைப் பண்டமாகாது பொதுப்பொருளாக்கிய கூட்டுழைப்பாகும். தனிமனித விழிப்பு இன்று அவசியமானது. ஆயின் அது போதுமானதன்று. நம்மை நம்பித் தம் துயரத்தைக் கூறியவரின் குரல் பாதுகாக்கப்படுவது, அக்குரலைச் சுமந்து செல்பவரின் சாமர்த்தியத்தில் மட்டும் தங்கியிருக்கும் வரையில், அப்பாதுகாப்பு ஒரு சிலரின் சலுகையாகவே எஞ்சும். அதனை யாவர்க்கும் உரிய நிலைமையாக்குவதே நம் முன்னுள்ள பணியாகும்.